அக்காவின் ஸ்பீக்கர், தங்கையின் பறவை

பெரியவளுக்கு நல்ல காது. அது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா நகரத்துக் குடிநீர் நிலையத்தில் பம்ப் மெக்கானிக்காக இருந்தார். ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுவிட்டு, "உள்ள பேரிங் தேய ஆரம்பிச்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். விடுமுறை நாட்களில் மகளையும் கூட்டிப்போய் அவள் கையிலும் ஒரு திருப்புளியைக் கொடுப்பார். அவள் மோட்டாரைக் கேட்டதைவிட, நிலையத்தின் பின்சுவருக்கு அப்பால் கிடந்த சதுப்பு நிலத்தைக் கேட்டதுதான் அதிகம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நாணல். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியாது. கத்தினால்தான் தெரியும்.

எது கத்துகிறது என்று சொல்லிக்கொடுக்க அவளுக்கு யாரும் இல்லை. நூலகத்திலிருந்து பறவைக் குரல்கள் பதிந்த குறுந்தகடுகளை எடுத்துவந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுநாள் சுவரோரம் நின்று ஒப்பிட்டாள். தப்பாக நினைத்ததைத் திருத்திக்கொண்டாள். பள்ளிப்படிப்பு முடிவதற்குள் அந்தச் சதுப்பின் குரல்கள் எல்லாம் அவளுக்கு வீட்டு மனிதர்களின் இருமல் போலப் பழகிவிட்டன. அதைத் தன் தனிச் சொத்தாகவே அவள் நினைத்திருந்தாள்.

மாடியில் சித்தி மகள் இருந்தாள். அம்மாவும் சித்தியும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். சித்தி மகள் இவளைவிட இரண்டு வயது இளையவள். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டது தெருவுக்குப் பரவி, பின்னாளில் அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. பெரியவள் நீச்சல் கற்றுக்கொண்டால் அடுத்த மாதம் சின்னவளும் தண்ணீரில் இருப்பாள். பெரியவள் கல்லூரியில் விலங்கியல் எடுத்தாள். சின்னவளும் அதே கல்லூரி, அதே பாடம். பெரியவள் சதுப்பு நில ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்ச காலம் கழித்து ஒரு காலையில், மையத்தின் வாசலில் புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சின்னவள் நின்றாள். "அக்கா, நானும் வந்துட்டேன்!"

பின்னாலேயே வருகிறவளாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. வந்தவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். பெரியவள் எத்தனையோ முறை வலியப் போய்ப் பேசியும் தலையை மட்டும் ஆட்டிய நாணல் வெட்டுகிறவர்கள், சின்னவள் வந்த வாரமே அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மையத்தின் சுவரில் ஒட்டியிருந்த படங்களில், பெரியவள் எடுத்த படத்தில் எல்லாம் சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எடுத்த படத்தில் எல்லாம் பெரியவள் கண்ணை மூடியிருந்தாள்.

"நீயும் கொஞ்சம் சிரிச்ச முகமா இரேன்டி. எங்க சின்னது பாரு, போற இடமெல்லாம் ஒட்டிக்குது" என்று சித்தி மாடிப்படியில் நின்று சொல்வாள்.

"ஒட்டிக்கறதுக்கு நான் என்ன பிசினா சித்தி?"

"பாத்தியா, இதத்தான் சொல்றேன்."

ஆய்வு மையம் பழைய கிடங்கு ஒன்றில் இயங்கியது. வாசலில் தரையில் நட்ட குச்சிகளில் பூட்ஸ்கள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே ஒரு நீள மேஜை, ஒரு கழுவுதொட்டி, ஒரு குளிர்பதனப் பெட்டி. பெட்டியின் மேல் தட்டில் மதிய உணவு டப்பாக்கள், கீழ்த் தட்டில் மின்கம்பியில் மோதிச் செத்த பறவைகள். நடுத் தட்டில் 'இது சாப்பாடு இல்லை' என்று எழுதி ஒட்டிய சேற்று மாதிரிகள். இளையவர்கள் மூன்று பேர் அங்கே நிரந்தரமாக வேலை பார்த்தார்கள். பெரியவள், சின்னவள், பிறகு புள்ளிவிவரம் பார்க்கும் இளைஞன். எதைச் சொன்னாலும் "சராசரி எவ்வளவு?" என்று கேட்பதால் அவனுக்குச் சராசரி என்றே பெயர். மையத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்றார்கள்.

டீ நேரத்தில் அந்த நீள மேஜையில் தினமும் உலகத்தைக் காப்பாற்றும் சண்டை நடக்கும்.

"மூணுல ஒரு பங்கு சதுப்பைப் பூட்டி வைக்கணும். யார் காலும் படக்கூடாது. என் காலும் சேர்த்துத்தான். மனுஷன் போகாம இருந்தா அது தானே பொழச்சுக்கும்" என்பாள் பெரியவள்.

"பூட்டின வீட்ட யாருக்கா பாத்துப்பா? நாளைக்கே குப்பை லாரி வந்து கொட்டும். வேணாம்னு சத்தம் போட அங்க ஒரு ஆள் வேணும்ல? வெட்டிப் பொழைக்கறவன் உள்ள இருந்தாத்தான் அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் இருக்கான்னு அர்த்தம்" என்பாள் சின்னவள்.

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறதப் பத்திப் பேசறீங்க. அஸ்திவாரத்துல தண்ணி ஏறுது. மேல இருக்கற பேப்பர் ஆலை கழிவு நிக்காம எதப் பண்ணாலும் அது அலங்காரம்தான்" என்பான் சராசரி.

"அப்ப ஆலையை மூடிடலாமா?"

"மூட முடியாது. அங்கதான் எங்க மாமா வேலை பாக்கறார்."

சிரிப்பில் முடியும். ஆனால் பெரியவளுக்குச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். ஏனென்றால் சின்னவள் பேசுவதோடு நிற்கவில்லை. நாணல் வெட்டுகிறவர்களோடு சேர்ந்து சதுப்பின் தெற்குப் பகுதியைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையை வெட்டினால் பக்கத்துப் பட்டையை அந்த வருடம் தொடாமல் விடுவது என்று ஒரு சோதனையைத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கம்பு நட்டு, தானாகவே ஒலியைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டியிருந்தாள். பெட்டியை எடுத்துக் கணினியில் செருகினால், எந்தப் பறவை எப்போது கத்தியது என்று மென்பொருள் சொல்லிவிடும். அத்தனை வருடம் காதை வளர்த்து வைத்திருந்த பெரியவளுக்கு அந்தப் பெட்டிகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் தலைநகரில் இளம் விஞ்ஞானிகளின் கூட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. இயற்கையைக் கெடுக்காமல் காலம் தள்ளுவதற்கு இந்தத் தலைமுறை என்ன வழி வைத்திருக்கிறது என்று, ஒவ்வொரு ஆய்வு மையத்திலிருந்தும் ஒருவர் மேடையேறிப் பேச வேண்டும். நாடு முழுக்க நேரலையில் பார்ப்பார்கள். மையத்து இளையவர்களில் மூத்தவள் பெரியவள். அவளைத்தான் அனுப்புவார்கள் என்று அம்மா பக்கத்து வீடு வரை சொல்லி வைத்திருந்தாள். மேடம் மட்டும், "பாக்கலாம்மா, யார்கிட்ட காட்டறதுக்கு விஷயம் இருக்கோ அவங்க போகட்டும்" என்று சொல்லியிருந்தார்.

காட்டுவதற்கு ஒரே விஷயம்தான் எல்லோர் மனதிலும் இருந்தது. நாணல்கோழி. சாம்பல் நிறத்தில், கைக்குள் அடங்கும் அளவில், பறக்கச் சோம்பல்பட்டு நடந்தே திரியும் பறவை. பெரியவள் பள்ளியில் படித்தபோது சுவருக்கு அப்பால் கேட்டிருக்கிறாள். அதன் பிறகு அந்தச் சதுப்பில் யாரும் கேட்கவில்லை. அது திரும்பி வந்தால் சதுப்பு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். யாருடைய பகுதியில் வருகிறதோ அவர்களுடைய வழிதான் சரி என்றும் ஆகிவிடும்.

அதைத் தேடும் வேலை பெரியவளுடையது. தேடும் முறைக்கு மையத்தில் 'குரல் போடுவது' என்று பெயர். அந்தப் பறவையின் பதிவு செய்த குரலை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு நாணல்கோழி இருந்தால், தன் இடத்தில் இன்னொருத்தி வந்துவிட்டாளே என்று பொறுக்க மாட்டாமல் பதில் கொடுக்கும். இதற்கு ஒரே ஒரு கட்டாய விதி உண்டு. குரல் போடுவதற்கு முன், எங்கே எப்போது என்று கைபேசியில் இருக்கும் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கரின் குரலை இன்னொருவர் நிஜப் பறவை என்று எழுதிவிடுவார்.

மற்றவர்கள் இணையத்தில் கிடைக்கிற பதிவைத்தான் போடுவார்கள். பெரியவள் தான் எடுத்த பதிவைத்தான் போடுவாள். முதுகலை படித்தபோது, வேறொரு மாநிலத்துச் சதுப்பில் பல நாள் விடியலில் குந்தியிருந்து எடுத்தது. அதை யாருக்கும் கொடுத்ததில்லை, தனியாகப் போகும்போதுதான் போடுவாள். அதில் பறவை நன்றாகக் கத்திக்கொண்டே வந்து, இவள் மரத்துப்போன காலை மெல்ல நகர்த்திய நொடியில் பயந்து, கடைசி ஒலியைப் பாதியில் விழுங்கிவிடும். குறையுள்ள பதிவுதான். ஆனால் அந்தக் குறையும் அவளுடையது.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு காலை, பெரியவள் தன்னுடைய வடக்குப் பகுதிக்குப் போகாமல் சின்னவளின் தெற்குப் பகுதிக்குப் போனாள். வெட்டிய பட்டைகளில் அந்தப் பறவை இல்லை என்று தன் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் எண்ணம். குழுவுக்குச் சொல்ல கைபேசியை எடுத்தாள். சொன்னால் சின்னவள், "என் இடத்துல என்னக்கா தேடற?" என்று கேட்பாள். கைபேசியைப் பைக்குள் போட்டாள். ஒரு பட்டையின் ஓரத்தில் ஸ்பீக்கரை வைத்து, குரலைப் போட்டாள். காத்திருந்தாள். திரும்பவும் போட்டாள். நாணல் ஒன்றோடொன்று உரசியதைத் தவிர எந்தப் பதிலும் இல்லை. அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்று மதியம் இரண்டு பிடி கூடுதலாகவே சாப்பிட்டாள். "என்னடி, இன்னிக்கு முகத்துல களை கட்டுது?" என்று அம்மாவே கேட்டாள்.

கம்பில் கட்டியிருந்த பெட்டி அவள் நினைவுக்கு வரவே இல்லை. அதை அவள் ஒருபோதும் ஒரு காதாக மதித்ததில்லை.

அடுத்த வாரம், பெரியவள் கழுவுதொட்டியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது, சின்னவள் கணினி அறையிலிருந்து ஓடிவந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"அக்கா! கேளு, கேளு, எதுவும் பேசாத, கேளு!"

காதொலிப்பானை எடுத்து, ஈரக் கையோடு நின்ற பெரியவளின் காதில் அவளே செருகினாள். நாணல் உரசும் சத்தம். பிறகு நாணல்கோழி. நன்றாகக் கத்திக்கொண்டே வந்து, கடைசி ஒலியைப் பாதியில் விழுங்கியது.

பெரியவள் குழாயை மூடினாள். சின்னவளின் கண்ணில் தண்ணீர் நின்றது. "நாம ஸ்கூல்ல கேட்டது! நீதானக்கா என்னச் சுவத்துல ஏத்திவிட்டுக் கேக்க வச்ச, ஞாபகம் இருக்கா? என் பட்டையில, வெட்டின பட்டையில வந்திருக்கு!"

ஞாபகம் இருந்தது. அவளைச் சுவரில் ஏற்றிவிட்டதற்காக அந்த நொடியில் பெரியவள் தன்னையே நொந்துகொண்டாள்.

சின்னவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. குழுவில் கேட்டாள்: "போன வாரம் தெற்குப் பக்கம் யாராவது குரல் போட்டீங்களா?" சராசரி "நான் இல்லை" என்று போட்டான். மேடம் "இல்லைம்மா" என்று போட்டார். பெரியவள் சொற்கள் எதுவும் எழுதவில்லை. கைதட்டுகிற படம் ஒன்றை மட்டும் அனுப்பினாள். எல்லோரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்த நாட்களில் மையமே கல்யாண வீடு போல ஆகிவிட்டது. கூட்டத்துக்குச் சின்னவள்தான் போகிறாள் என்று மேடம் சொல்லிவிட்டார். அவளுடைய சோதனை வென்றதால், நாணல் வெட்டுகிறவர்களுக்குத் தொடர்ந்து அனுமதி கிடைக்கும் என்ற பேச்சு எழுந்தது. அவர்களின் சங்கத் தலைவர் நேரில் வந்து சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தி புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாள். தைத்தது பெரியவளின் அம்மா.

"கழுத்து இன்னும் கொஞ்சம் இறக்கணுமா பாருடி பெரிசு. டிவில வர்ற புள்ள" என்றாள் அம்மா, சட்டையைத் தூக்கிப் பிடித்து.

"எனக்கு என்ன தெரியும்? அவளையே கேளுங்க."

"ஏன் இப்படி வள்ளுனு விழற?"

பெரியவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சின்னவளின் பறவை செத்துவிடும். சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போகட்டும். மேடையேறட்டும். நாடு முழுக்கப் பார்க்கட்டும். அந்தக் குரலை இணையத்தில் போடுவார்கள். எங்கேயாவது ஒரு காது உள்ளவன் கேட்டு, இது ஸ்பீக்கர் சத்தம் ஆயிற்றே என்று சொல்லுவான். அப்போது அவளுக்கு விழுகிற அடி எப்படி இருக்கும்? இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குள் ஒரு தித்திப்பு ஓடியது. அடுத்த கணமே வாய் கசந்தது. புரண்டு படுத்தாள். மாடியில் சின்னவள் பேச்சை உரக்கப் படித்துப் பழகும் சத்தம் கூரை வழியே கேட்டுக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, மதியம், நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒத்திகை. சங்கத் தலைவரையும் அழைத்திருந்தார்கள். சின்னவள் திரையில் படங்களைக் காட்டிப் பேசினாள். வெட்டிய பட்டை, வெட்டாத பட்டை, படகுகள். கடைசியில் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, குரலை ஒலிக்கவிட்டாள்.

"இதேதான்! இத நானும் கேட்டேன் தங்கச்சி. போன மாசமே கேட்டேன். எங்க வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன்" என்றார் சங்கத் தலைவர்.

"போன மாசமா? சராசரியா எத்தனை தடவை கேட்டீங்கண்ணே?" என்றான் சராசரி.

"சும்மா இருப்பா. நல்ல காரியம் நடக்கும்போது கணக்குக் கேக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். விளக்குப் போட்டார்கள். மேடம் பெரியவளின் பக்கம் திரும்பினார். "நம்ம மையத்துல குரலுக்கு நீதான். நீ கேட்டுச் சரின்னு சொல்லிட்டா, உன் பேரையும் போட்டு அனுப்பிடலாம். 'குரலைச் சரிபார்த்தவர்' அப்படின்னு. என்ன சொல்ற?"

பெரியவள் திரையைப் பார்த்தாள். பறவையின் குரல் அலை அலையாக அங்கே நின்றது. கடைசி அலை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில் 'கண்டறிந்தவர்' என்று சின்னவளின் பெயர். அந்த விடியல்கள், மரத்துப்போன கால், ஈர மண்ணில் ஊறிப்போன முழங்கால்கள் எல்லாம் பெரியவளுடையவை. அவற்றுக்குச் சின்னவளின் பெயர். தன் பெயர் ஓரத்தில், சரிபார்த்தவளாக. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவளுக்கு இல்லவே இல்லை. தன்னுடையதை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"அது என்னோடது" என்றாள்.

"எது?"

"அந்தக் குரல். அது பறவை இல்ல. என் பதிவு. என் ஸ்பீக்கர்."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. முதலில் சங்கத் தலைவருக்குத்தான் கோபம் வந்தது. "இதென்ன பேச்சு? நான் போன மாசமே கேட்டேன்ங்கறேன். தங்கச்சி மேல வர்றது பொறுக்கலயா உனக்கு?"

"பொறுக்கலதான். ஆனா அது என் பதிவுதான்" என்றாள் பெரியவள்.

சராசரி அவளுடைய கைபேசியைக் கேட்டு வாங்கினான். அதிலிருந்த பதிவைக் கணினிக்கு மாற்றி, சின்னவளின் பதிவுக்குக் கீழே வைத்து, இரண்டையும் நகர்த்திப் பொருத்தினான். ஒரு பறவை இரண்டு முறை ஒரே மாதிரி கத்தாது. திரையில் இருந்த இரண்டு வரிசை அலைகளும் ஒன்றன் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. பாதியில் வெட்டுப்பட்ட கடைசி அலை உட்பட.

சின்னவள் திரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ போட்ட?"

"அன்னிக்குக் காலைல."

"குழுவுல சொல்லலயே."

"சொல்லல."

"நான் கேட்டேனேக்கா. எல்லாரையும் கேட்டேனே." அவள் குரல் உடையவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "நீ கைதட்டின."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கத் தலைவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். வாசலில் காய்ந்துகொண்டிருந்த பூட்ஸ் ஒன்று அவர் கால் பட்டுக் கவிழ்ந்தது.

மேடம் கத்தவில்லை. அந்தப் பருவம் முழுவதும் பெரியவள் சதுப்புக்குள் போகக் கூடாது, ஸ்பீக்கரை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். கூட்டத்துக்குப் பெயரை மாற்ற இனி நேரமில்லை, சின்னவள்தான் போக வேண்டும், என்ன பேசுவது என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். பிறகு, "உனக்கு இருக்கற காதுக்கு நீ இதப் பண்ணியிருக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு, அவர் கத்தியிருக்கலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

வீட்டில் சின்னவள் பேசவில்லை. மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்கும். கீழ்க் கதவருகே வந்ததும் வேகம் கூடும். சித்தி கீழே எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் அம்மாவிடம் மட்டும் வாசலில் நின்று சொன்னாள்: "ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்ததுங்கக்கா. இதுக்கா வளத்தோம்?" அம்மா, தைத்து முடித்த சட்டையை மடித்து அவளிடம் கொடுத்தாள்.

கூட்டத்தன்று அம்மா சித்தியைக் கீழே கூப்பிட்டாள். கீழ்வீட்டுத் தொலைக்காட்சிதான் பெரியது. சித்தி வந்து, பெரியவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெரியவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த இளையவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருத்தன் கடல் புற்களை மீட்டதைச் சொன்னான். ஒருத்தி மலையில் திரும்பி வந்த மான்களைக் காட்டினாள். ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல செய்தி இருந்தது. பிறகு அம்மா தைத்த சட்டையில் சின்னவள் வந்தாள்.

"எல்லாரும் எது திரும்பி வந்துச்சுன்னு சொன்னீங்க. எது வரலைன்னு சொல்ல நான் வந்திருக்கேன்" என்றாள்.

அவையில் ஒரு சலசலப்பு. சின்னவள் அந்தக் குரலை ஒலிக்கவிட்டாள். இது பறவை இல்லை, எங்கள் ஸ்பீக்கர்தான், எங்கள் மையமே இதை நம்பியது என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவையும் சிரித்தது.

"நம்ம வயசுக்காரங்களுக்கு நல்ல செய்தி மேல அப்படி ஒரு பசி. பொறந்ததுலேர்ந்து கெட்ட செய்தியே கேட்டு வளந்தோம்ல. அதனால ஒரு ஸ்பீக்கர் கத்தினாக்கூட வந்துடுச்சுன்னு ஓடறோம். எங்க மையத்துல ரெண்டு கருத்து இருக்கு. மூணுல ஒரு பங்க பூட்டி வைக்கணும்னு ஒண்ணு. உள்ள ஆள் இருந்து வெட்டணும்னு ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கப் போறோம். எது தோத்தாலும், ஜெயிச்சா சொல்ற அதே சத்தத்துல சொல்லுவோம். இதுதான் எங்க வழி. வேற பெருசா ஒண்ணும் எங்ககிட்ட இல்ல."

பிறகு கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார், அவரைப் பார்த்து இன்னும் பலர் எழுந்தார்கள். மான்களுக்கும் கடல் புற்களுக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சித்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எவ்வளவு நேர்மை பாருக்கா என் பொண்ணுக்கு" என்றாள்.

பெரியவளுக்குக் காது அடைத்தது போல் இருந்தது. உண்மையைச் சொன்னது அவள். கெட்ட பெயர் வாங்கியது அவள். மூன்றில் ஒரு பங்கு அவளுடைய கருத்து. பேச்சில் அவள் எங்கேயும் இல்லை. 'எங்கள் ஸ்பீக்கர்', 'எங்கள் மையம்'. பழி போட்டிருந்தால்கூட ஒரு இடத்தில் அவள் பெயர் வந்திருக்கும். அதையும் சின்னவள் கொடுக்கவில்லை. கையில் இருந்த தம்ளரை வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய், கைபேசியை எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். ஒத்திகை நாளுக்குப் பிறகு முதல் தடவை. எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள். எடுத்துவிட்டாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"என் பேர ஏன் சொல்லல?" என்றாள் பெரியவள், எடுத்த எடுப்பில்.

"உன்னக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?"

"கொடுத்திருக்கலாமே. யார் வேணாம்னா?"

"நல்லவ வேஷம் போட்டுக் காப்பாத்தினேன்னு நெனச்சுக்காத." சின்னவள் எங்கோ ஒதுங்கி நடந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது. "சொல்றதாத்தான் இருந்தேன். 'எங்க அக்கா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டா'ன்னு எழுதியே வச்சிருந்தேன். அத வாசிச்சுப் பாத்தேன். வாசிச்சா, எந்திரிச்சு நின்னு கைதட்டறது உனக்காத்தான் இருக்கும்னு தோணிச்சு. அந்த வரிய அடிச்சுட்டேன்."

பெரியவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"பொறந்ததுலேர்ந்து உன் பழைய சட்டையத்தான் போட்டேன். உன் பழைய புத்தகம். எந்த வாத்தியார் வந்தாலும் 'நீ அவ தங்கச்சியா'. நான் தலைகீழா நின்னாலும் உன் காது எனக்கு வராது. அதான் பெட்டிய வாங்கிக் கட்டினேன். கடைசில பெட்டிக்குள்ளயும் நீயே வந்து கத்தற!" சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த ஒரு மேடையாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பா?"

"தப்புதான்" என்றாள் பெரியவள்.

"சரி, தப்புதான். என்ன பண்ணப் போற?"

சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். அக்காவாக அவளைத் தேற்ற வேண்டும். ஆனால் பெரியவள் அந்த வார்த்தைகளைத் தனக்குள் இன்னொரு முறை ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் காது எனக்கு வராது. எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் புரண்டது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷம்தான்.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

"எத?"

"காது பத்திச் சொன்னியே, அத."

"போடி" என்றாள் சின்னவள். ஆனால் கைபேசியை வைக்கவில்லை.